மங்கோலியர் 1368-இல் மறைந்துவிடவில்லை: வரலாற்று நூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாறு எழுதும் பாடநூல் ஆசிரியர்களுக்கும், கலைக்களஞ்சியக் கட்டுரையாளர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன்பு மங்கோலியர் பற்றிய பாடத்தை முடித்துவிட்டுக் கரும்பலகையை அழிக்கத் திரும்பியபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அவங்கல்லாம் அப்புறம் என்ன ஆனாங்க? இப்ப அந்த ஊர்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். மேசையில் இருந்த நூலைப் புரட்டினேன். அதில் 1206 இருந்தது, 1258 இருந்தது, குப்லாய் கானின் அரண்மனையும் இருந்தது. 1368-இல் மிங் வம்சம் தலையெடுத்த பிறகு, மங்கோலியர் என்ற சொல்லே அடுத்த எந்தப் பக்கத்திலும் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் அவளுக்குப் பதில் சொன்னேன். ஆனால் அந்தப் பதிலை அவள் வீட்டில் போய்ப் படித்துச் சரிபார்க்கத் தமிழில் எந்த நூலைச் சுட்டுவது என்று யோசித்தபோது எனக்கு விடை கிடைக்கவில்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

நான் கேட்பது ஒன்றே. மங்கோலியரை ஒரு புயலாக எழுதுவதை விட்டுவிட்டு, ஒரு மக்களினமாக எழுதுங்கள். புயலுக்கு வந்த நாளும் போன நாளும் உண்டு. முந்தைய வாழ்வும் பிந்தைய வாழ்வும் கிடையாது. ஒரு மக்களினத்துக்கு அவை இரண்டும் உண்டு. செங்கிஸ்கானுக்கு முந்தைய புல்வெளியையும், மங்கோலியர் சீனாவில் நிறுவிய யுவான் வம்சம் வீழ்ந்ததற்குப் பிந்தைய ஆறரை நூற்றாண்டுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் இடைப்பட்ட நூற்றறுபது ஆண்டுப் பேரரசே விளங்கும்.

முதலில் 'நாடோடி' என்ற சொல்லைப் பற்றி. நம் பேச்சு வழக்கில் அது ஊரும் உறவும் இல்லாமல் அலைபவனைக் குறிக்கிறது. மங்கோலிய மேய்ப்பர் அப்படி அலைந்தவர் அல்லர். குளிர்காலத்துக்கு மலையடிவாரத்தில் காற்று மறைவான ஓர் இடம், இளவேனிலில் குட்டிகள் ஈனுவதற்கு ஓர் இடம், கோடையில் ஆற்றோரம், இலையுதிர் காலத்தில் கால்நடைகள் கொழுப்பேற வேறொரு மேய்ச்சல் என்று ஒவ்வொரு குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அறிந்த தடங்களில்தான் இடம் மாறியது. குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என ஐந்து வகைக் கால்நடைகள். அவை ஒவ்வொன்றுக்கும் புல் வேறு, நடை வேறு, தாங்கும் குளிர் வேறு. 'கெர்' என்று அவர்கள் அழைக்கும் வட்ட வீட்டை, மரச்சட்டப் பின்னலின் மேல் கம்பளி நமுதாவைப் போர்த்திச் சிறு பொழுதில் எழுப்பிவிடலாம், வாசல் தெற்கு நோக்கியிருக்கும், நடுவில் அடுப்பு, அதில் எரிவது பெரும்பாலும் காய்ந்த சாணம். தென் மாவட்டங்களில் கிடை போட்டு ஊர் ஊராக நடக்கும் கீதாரிகளை அறிந்த நமக்கு இந்த வாழ்க்கையின் கணக்கு அந்நியமானதாக இருக்கத் தேவையில்லை. 'இடம்பெயர் மேய்ப்பர்' என்றோ 'மேய்ச்சல் சமூகம்' என்றோ எழுதினாலே மாணவரின் மனத்தில் எழும் சித்திரம் மாறிவிடும்.

இந்தக் கணக்குப் புரிந்தால் பேரரசின் தொடக்கமும் புரியும். தெமுஜின் சிறுவனாக இருந்தபோதே அவன் தந்தை யெசுகை தாதர் குலத்தாரால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். யெசுகையின் சொந்தக் குலத்தாரே விதவை ஹோலுனையும் பிள்ளைகளையும் கைவிட்டுப் போனார்கள். இரத்த உறவை மட்டும் நம்பிய அமைப்பு தன்னை எப்படிக் கைவிட்டது என்பதை அந்தச் சிறுவன் மறக்கவில்லை. 1206-இல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய குருல்தாய் என்ற தலைவர்கள் பேரவை அவருக்குச் செங்கிஸ்கான் என்ற பட்டத்தை அளித்தபோது, குலங்களைக் கலைத்து, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்ற பிரிவுகளாக மக்களை மறுபடி அடுக்கினார். போருக்குப் போகும் படையும் அதுதான், வரி கணக்கிடும் அலகும் அதுதான், மேய்ச்சல் நிலம் பங்கிடும் வழியும் அதுதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நைமான் அரசை வென்றபோது சிறைப்பட்ட உய்குர் எழுத்தர் தாதா துங்காவைக் கொண்டு மங்கோலிய மொழிக்கு எழுத்தும் ஏற்படுத்தினார். வெறும் வில்லும் குதிரையும் பேரரசை உருவாக்கியதாக எழுதுவோர் இந்த இரண்டையும் தவறவிடுகிறார்கள். மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் 1211 முதல் 1225 வரை மங்கோலியாவில் வழக்கத்துக்கு மாறாக நல்ல ஈரப்பதம் நிலவியதாகக் கண்டறிந்து 2014-இல் வெளியிட்டார்கள். புல் செழித்தால் குதிரை பெருகும், குதிரை பெருகினால் படை தொலைதூரம் போகும். மழை மட்டுமே பேரரசைக் கட்டியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஒரு மேய்ச்சல் சமூகத்தின் வரலாற்றைப் புல்லை விட்டுவிட்டு எழுத முடியாது.

கொடுமைகளை மறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஒத்ரார் நகரில் மங்கோலிய வணிகக் குழு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1219-இல் குவாரசம் பேரரசின் மீது தொடுக்கப்பட்ட போரில் புகாரா, சமர்கந்து, மெர்வ், நிஷாபூர் ஆகிய நகரங்கள் அடைந்த கதி, 1240-இல் கீவ் அடைந்த கதி, 1258 பிப்ரவரியில் செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகுவின் படை பாக்தாத்தில் கலீபாவையும் மக்களையும் கொன்ற விதம் எல்லாம் மாணவர் அறியவேண்டியவையே. ஆனால் எண்களைக் கையாளும்போது ஆசிரியருக்குப் பொறுப்பு உண்டு. மெர்வில் பதின்மூன்று நாள் பிணங்களை எண்ணி 13 லட்சம் என்று கணக்கிட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதினார். அந்நகரமும் சுற்றுப்புறமும் அத்தனை பேரைத் தாங்கியிருக்க முடியுமா என்று இன்றைய ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். அச்சத்தைப் பரப்புவது மங்கோலியருக்கும் வசதியாக இருந்தது, அவலத்தைப் பெரிதாக்கிச் சொல்வது எழுதியவர்களுக்கும் இயல்பாக வந்தது. 'பேரழிவு நடந்தது; அந்த எண்ணிக்கை அக்கால ஆசிரியர் சொன்னது' என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், வரலாற்றுச் சான்றை எப்படி வாசிப்பது என்பதையே மாணவர் அந்த இடத்தில் கற்றுக்கொள்வார்.

அழித்த கைகளே எதைக் கட்டின என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். பாக்தாத்தை வீழ்த்திய ஹுலாகுவின் ஆதரவில்தான், அடுத்த ஆண்டே, வானியலறிஞர் நசீருத்தீன் தூசி பாரசீகத்தின் மராகாவில் வானாய்வுக்கூடத்தை அமைத்தார். செங்கிஸ்கானின் மகனும் வாரிசுமான ஓகதாய் 1235-இல் சுவர் எழுப்பிய தலைநகர் காரகோரத்துக்கு 1254-இல் வந்து சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி வில்லியம், அங்கே பன்னிரண்டு கோயில்களையும் இரண்டு பள்ளிவாசல்களையும் ஒரு தேவாலயத்தையும் கண்டார். அரண்மனை வாசலில் பாரிஸ் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் செய்த வெள்ளி மரம் நின்றது. அதன் வேரில் நான்கு வெள்ளிச் சிங்கங்கள் வாயிலிருந்து குதிரைப்பால் வடித்தன. கிளைகளின் வழியாகத் திராட்சை மதுவும், தேன் மதுவும், அரிசி மதுவும், தெளிந்த புளித்த குதிரைப்பாலும் வழிந்தன. உச்சியில் ஊதுகொம்பு ஏந்திய தேவதூதன். அந்தப் பொற்கொல்லர் ஹங்கேரியில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த ஒரு மரத்தைக் காட்டினால் பேரரசின் செல்வமும், அதன் பரப்பும், அது யாருடைய உழைப்பில் நின்றது என்பதும் மாணவர் கண்ணுக்கு ஒருசேரத் தெரிந்துவிடும்.

நம் மொழியில் எழுதுவோர் கட்டாயம் சேர்க்கவேண்டிய ஒரு சான்றும் இருக்கிறது. தென்சீனத்தின் குவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, அதாவது 1281-ஆம் ஆண்டுச் சித்திரையைச் சேர்ந்தது. செகசை கான் என்ற மன்னரின் உடல்நலம் வேண்டி, அவருடைய ஆணையின்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததை அது பதிவு செய்கிறது. சுங் வம்சத்தின் கடைசிப் படை கடலில் மூழ்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன; மங்கோலியப் பேரரசர் குப்லாயின் ஆட்சியில் இருந்த துறைமுகத்தில், தமிழ் வணிகர் ஒருவர் 'கான்' என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் கல்லில் வெட்டச் செய்திருக்கிறார். குப்லாயின் தூதர்கள் அதே ஆண்டுகளில் கொல்லத்துக்கும் பாண்டியரின் கரைக்கும் வந்துபோனார்கள். பாண்டியர் காயல் துறையில் பெரும் பொருள் கொடுத்து இறக்கிய குதிரைகளில் பல, பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய இல்கான்களின் மேலாண்மைக்கு உட்பட்ட பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து கப்பலேறியவை. இவ்வளவு நெருக்கமான ஒரு தொடர்பை விட்டுவிட்டு, தூரதேசத்துக் கொள்ளைக்காரர் என்ற ஒற்றை வரியில் அவர்களைக் கடந்துபோவது நம் கல்வெட்டையே நாம் படிக்காமல் விடுவதாகும்.

தில்லி வரலாற்றைச் சொல்லும்போதும் இதே குறை. 1299-இலும் 1303-இலும் மங்கோலியப் படைகள் தில்லியின் வாசலுக்கே வந்ததும், பெரும் படையைக் குறைந்த ஊதியத்தில் பேணுவதற்காக அலாவுதீன் கில்ஜி சந்தை விலைகளைக் கட்டுப்படுத்தியதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நம் நூல்களிலோ பெரும்பாலும் அவை தனித்தனி அத்தியாயங்களில் கிடக்கின்றன. முகலாயர் என்ற பெயரே மங்கோலியர் என்பதன் பாரசீக வடிவம் என்பதையும், பாபரின் தாய் செங்கிஸ்கானின் மகன் சகதாயின் வழி வந்தவர் என்பதையும் இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம்.

இனி 1368-க்குப் பிந்தைய பகுதிக்கு வருகிறேன். இந்த மடலின் பெரும்பகுதியை இதற்காகவே வைத்திருந்தேன்.

யுவான் வம்சத்தின் கடைசிப் பேரரசர் தோகோன் தெமூர் பெய்ஜிங்கை விட்டு வடக்கே சென்றபோது பேரரசு சுருங்கியதே தவிர, மங்கோலிய அரசு மடியவில்லை. 1449-இல் மேற்கு மங்கோலியரான ஓயிராத்துகளின் தலைவர் எசென், தூமு என்ற இடத்தில் மிங் பேரரசரையே உயிரோடு சிறைபிடித்தார். அந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மந்துகை என்ற அரசி, செங்கிஸ்கானின் வழித்தோன்றலான ஒரு சிறுவனை வளர்த்து, அவனையே மணந்து, தாயான் கான் என்ற பெயரில் அரியணையில் நிறுத்தி, சிதறிய குலங்களை மறுபடி ஒன்று திரட்டினார். அவர்களுடைய பேரன் அல்தான் கான் 1571-இல் மிங் அரசுடன் அமைதி செய்துகொண்டு, 1578-இல் திபெத்தியத் துறவி சோனம் கியாட்சோவைச் சந்தித்து அவருக்கு 'தலாய் லாமா' என்ற பட்டத்தை அளித்தார். 'தலாய்' என்பது பெருங்கடல் என்று பொருள்படும் மங்கோலியச் சொல். உலகம் முழுதும் அறிந்த ஒரு பட்டம் மங்கோலியர் கொடுத்தது என்பதையும், நான்காம் தலாய் லாமா அல்தான் கானின் குடும்பத்தில் பிறந்த மங்கோலியர் என்பதையும் என் மாணவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை. நானே வெகுகாலம் அறியாமல்தான் இருந்தேன்.

இந்த நீண்ட காலத்தை எழுத இடமில்லை என்பவர்களுக்கு ஒரே ஓர் இடத்தைச் சுட்டுகிறேன்: ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. எட்டாம் நூற்றாண்டுத் துருக்கிய அரசர்களின் கல்வெட்டுகள் அங்கே நிற்கின்றன. அதன் கரையில்தான் ஓகதாய் காரகோரத்தைக் கட்டினார். அந்நகரம் பாழடைந்த பிறகு, அதன் கற்களையும் பயன்படுத்தி 1580-களில் ஆப்தாய் கான் எர்தேனே சூ என்ற பௌத்த மடத்தை எழுப்பினார். 1930-களின் இறுதியில் மடத்தின் கோயில்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. வெண்ணிறத் தூபிகள் வரிசையாக நிற்கும் சதுரச் சுற்றுச்சுவரும் சில கோயில்களும் தப்பின. மதிலுக்கு வெளியே, பேரரசின் தலைநகரில் ஒரு கல்தூணைத் தாங்கியிருந்த கல் ஆமை, முதுகில் தூண் இல்லாமல், இன்றும் புல்லில் படுத்திருக்கிறது. 1990-க்குப் பிறகு அந்த மதிலுக்குள் மறுபடி வழிபாடு நடக்கிறது. 2004-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஒரு படமும் இருநூறு சொற்களும் போதும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளை அந்த ஒரு நிலத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பதினேழாம் நூற்றாண்டில், பின்னர் சிங் வம்சமாகச் சீனாவை ஆண்ட மஞ்சூக்கள் எழுந்தார்கள். மங்கோலியரின் கடைசிப் பெருங்கான் லிக்தான் 1634-இல் இறந்தபின் தெற்கு மங்கோலியர் 1636-இல் அவர்களுக்குப் பணிந்தனர். வடக்கே இருந்த கல்கா மங்கோலியர், மேற்கு மங்கோலியரான ஜுங்கார்களின் தலைவர் கல்தான் 1688-இல் படையெடுத்தபோது தப்பியோடி, 1691-இல் தோலோன் நோரில் சிங் பேரரசர் காங்சியிடம் அடைக்கலம் புகுந்தனர். 'உள் மங்கோலியா', 'வெளி மங்கோலியா' என்ற பெயர்கள் இந்த இருவேறு பணிதல்களின் தடயங்கள். உள்ளே, வெளியே என்பது பெய்ஜிங்கில் நின்று பார்ப்பவரின் கணக்கு. 1992 முதல் மங்கோலியா என்ற பெயரில் இருக்கும் நாட்டை இன்றும் 'வெளி மங்கோலியா' என்று எழுதும் வரைபடங்கள் தமிழில் அச்சாவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

ஜுங்கார்களின் முடிவை எந்தத் தமிழ் நூலிலும் நான் கண்டதில்லை. 1755-க்கும் 1758-க்கும் இடையே சிங் பேரரசர் சியன்லுங்கின் படைகளாலும், பெரியம்மையாலும், பசியாலும் அந்த மக்களில் பெரும்பகுதியினர் மாண்டனர். புல்வெளியின் கடைசிப் பேரரசு அத்துடன் முடிந்தது. அவர்களுடைய உறவினரான தோர்கூத்துகள் வோல்கா கரையிலிருந்து 1771-இல் தாய்நிலத்தை நோக்கிப் புறப்பட்டு வழியிலேயே பெருந்தொகையில் இறந்தனர். மேற்குக் கரையில் தங்கிவிட்டவர்கள்தாம் இன்றைய கால்மிக் மக்கள். அவர்களையும் 1943 டிசம்பரில் ஸ்டாலின் அரசு ஒட்டுமொத்தமாகச் சரக்கு ரயில்களில் ஏற்றிச் சைபீரியாவுக்கு நாடுகடத்தியது; பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே திரும்ப முடிந்தது. பிறர் மீது மங்கோலியர் நடத்திய அழிவுகளுக்குப் பக்கங்கள் ஒதுக்கும் நாம், மங்கோலியர் மீது நடந்த அழிவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குவதுதான் நேர்மை.

சிங் ஆட்சியில் மக்கள் 'ஹொஷூ' எனப்பட்ட ஆட்சிப் பிரிவுகளாக எல்லை கட்டப்பட்டார்கள். தம் பிரிவின் எல்லையைத் தாண்டி மேய்க்கத் தடை இருந்தது. சீன வணிகரிடம் வாங்கிய கடன் வட்டியோடு ஏறி, பிரபுக்களின் கடனையும் எளிய மேய்ப்பர் ஆட்டு மந்தைகளாகச் செலுத்தவேண்டி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங் அரசு மேய்ச்சல் நிலத்தைச் சீன விவசாயக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. இந்தப் பின்னணியில்தான் 1911 டிசம்பர் 29 அன்று தலைநகர் ஊர்காவில் விடுதலை அறிவிக்கப்பட்டு, பௌத்த ஆன்மிகத் தலைவராக இருந்த எட்டாம் ஜெப்சுந்தம்பா போக்த் கான் என்ற அரசராகவும் ஆனார். பிறகு ரஷ்யாவும் சீனாவும் மங்கோலியாவும் செய்துகொண்ட 1915-இன் கியாக்தா ஒப்பந்தம், 1919-இல் சீனப் படை நுழைவு, 1921-இல் உங்கெர்ன் என்ற வெள்ளை ரஷ்யத் தளபதியின் வெறியாட்டம், அதே ஆண்டு ஜூலையில் புரட்சித் தலைவர் சுக்பாதரின் படையும் செம்படையும் சேர்ந்து தலைநகரைக் கைப்பற்றியது என்று பத்தாண்டுகள் கடந்தன. போக்த் கான் மறைந்த 1924-இல் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஊர்கா 'செவ்வீரன்' என்று பொருள்படும் உலான்பாதர் ஆயிற்று.

அதன்பின் நடந்தது 1937-ஆம் ஆண்டு. மக்கள்தொகை எட்டு லட்சத்தைக்கூட எட்டாத நாட்டில், சோய்பல்சானின் ஆட்சியில், ஒன்றரை ஆண்டுகளுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பௌத்தத் துறவிகள். ஏறத்தாழ 700 மடங்கள் இடிந்தன. மதத்தை ஒழிக்கும்படி ஸ்டாலின் வற்புறுத்தியதற்கு இணங்காத முன்னாள் பிரதமர் கெந்தேன் மாஸ்கோவில் கொல்லப்பட்டார். தலைநகரின் கந்தன் மடத்தில் 26 மீட்டர் உயரத்துக்கு நின்ற அவலோகிதேசுவரர் சிலையைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். மக்களின் நன்கொடையில் புதிய சிலை 1996-இல்தான் எழுந்தது. செப்டம்பர் 10 அந்நாட்டில் இன்று நினைவு நாள். அந்த எண்ணிக்கையை நம் அளவில் வைத்துப் பார்க்கும்படி மாணவரிடம் சொல்வேன்: நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவர்.

நினைவையே அழிக்கும் முயற்சியும் நடந்தது. 1920-களில் குலப்பெயர்கள் தடைசெய்யப்பட்டன. 1940-களில் பழைய மேலிருந்து கீழ் எழுதும் எழுத்து பொது வழக்கிலிருந்து விலக்கப்பட்டுச் சிரில்லிக் எழுத்து வந்தது. செங்கிஸ்கானின் பெயரைப் பெருமையோடு சொல்வதே குற்றமாயிற்று. 1962-இல் அவருடைய 800-ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி அரசே அஞ்சல் தலைகள் வெளியிட்டு, அவர் பிறந்ததாகக் கருதப்படும் தாதால் ஊரில் வெண்ணிறக் கல்லில் நினைவுச் சின்னமும் எழுப்பியது. மாஸ்கோ முகம் சுளித்தது. அஞ்சல் தலைகள் திரும்பப் பெறப்பட்டன. விழாவுக்குத் துணைநின்ற, ஆளும் கட்சியின் அரசியல் குழு உறுப்பினர் தோமோர்-ஓசிர் பதவி பறிக்கப்பட்டார். கல் மட்டும் அந்த ஊரிலேயே நின்றுவிட்டது. 1990-களின் இறுதியில் குலப்பெயரை மறுபடி சூட்டிக்கொள்ளச் சட்டம் சொன்னபோது, மூன்று தலைமுறைகளாக மறந்துபோன பெயரைத் தேட முடியாத பெருந்தொகையினர் செங்கிஸ்கானின் 'போர்ஜிகின்' குலப்பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 1981-இல் விண்வெளிக்குச் சென்ற குர்ரக்சா, அண்டவெளி என்று பொருள்படும் 'சன்சார்' என்ற பெயரைத் தம் குலப்பெயராக்கிக்கொண்டார். இந்தச் செய்தியைக் கேட்ட அன்று என் வகுப்பு முழுதும் கைதட்டியது.

உலக அரங்கில் அந்நாடு தன் இருப்பை நிலைநாட்டிய கதையும் சுருக்கமாகவாவது வேண்டும். 1939-இல் கல்கின் கோல் சமரில் சோவியத், மங்கோலியப் படைகள் ஜப்பானியரை முறியடித்தன. 1945 அக்டோபர் வாக்கெடுப்புக்குப் பின் சீனம் அந்நாட்டின் விடுதலையை ஏற்றது. 1961-இல் ஐ.நா. உறுப்புரிமை கிடைத்தது. சோசலிச முகாமுக்கு வெளியே மங்கோலியாவுடன் முதன்முதலில் தூதரக உறவு கொண்ட நாடு இந்தியா; ஆண்டு 1955. 1990 மார்ச் 7 அன்று உலான்பாதரின் உறைகுளிரில், நடுச்சதுக்கத்தில், ஜனநாயகம் கேட்டுச் சிலர் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். இரண்டே நாளில் அரசியல் குழு பதவி விலக முன்வந்தது. துப்பாக்கிச் சூடு இல்லாமல் ஆட்சிமுறை மாறியது; ஜூலையில் பலகட்சித் தேர்தல், 1992-இல் புதிய அரசியலமைப்பு. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவில், கடற்கரையே இல்லாமல், முப்பத்தைந்து லட்சம் பேரோடு இருக்கும் ஒரு நாடு இன்றுவரை தேர்தல் வழியே ஆட்சியை மாற்றிக்கொள்கிறது. குடிமையியல் பாடத்துக்கும் இது பொருந்தும் எடுத்துக்காட்டு.

இன்றைய மங்கோலியாவைப் பற்றி எழுதும்போது, நீலவானம், வெண்குடில், குதிரையோட்டும் சிறுவன் என்ற சுற்றுலாப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். 'சூத்' என்று அவர்கள் சொல்லும் கொடுங்குளிர் வரும்போது, பனி உருகி மறுபடி உறைந்து புல்லின் மேல் கண்ணாடித் தகடுபோல் மூடிவிடுகிறது. குதிரை குளம்பால் கொத்திப் பார்க்கும். ஆட்டால் அதுவும் முடியாது. புல் காலடியிலேயே இருக்க, மந்தை நின்ற இடத்தில் பட்டினியால் விழும். 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளும், 2023-24-இல் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவையும் அப்படி மாண்டன. மந்தையை இழந்த குடும்பம் கெரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு உலான்பாதரின் புறநகர்க் குன்றுகளுக்கு வந்து சேர்கிறது. நாட்டு மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இப்போது அந்த ஒரு நகரில் வாழ்கிறார்கள். புல்வெளியில் சாணம் எரிந்த அதே அடுப்பில் அங்கே நிலக்கரி எரிய, குளிர்காலம் முழுதும் நகரம் புகையில் மூழ்குகிறது. கோபிப் பாலைவனத்தின் ஓயூ தோல்கோய் செம்புச் சுரங்கத்தில் அரசின் பங்கு 34 விழுக்காடு. அந்த வருவாய் யாருக்குப் போகிறது, அங்கே எடுக்கும் நிலத்தடி நீர் யாருடையது என்பதே அந்நாட்டு அரசியலின் பெரும் விவாதம். மேய்ச்சல் சமூகத்தின் வரலாறு முடிந்துபோன ஒன்றாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

எல்லைக்கு அப்பால், சீனாவின் உள் மங்கோலியாவில், மங்கோலியக் குடியரசில் இருப்பவர்களைவிட அதிகமான மங்கோலியர் வாழ்கிறார்கள். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அங்கே பல்லாயிரவர் துன்புறுத்தப்பட்டனர். 2020 செப்டம்பரில் இலக்கியம், அரசியல், வரலாறு ஆகிய பாடங்களைப் படிப்படியாக மங்கோலிய மொழியிலிருந்து சீன மொழிக்கு மாற்றும் ஆணை வந்தபோது, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். அதே ஆண்டில் பிரான்சின் நாந்த் நகர அருங்காட்சியகம், 'செங்கிஸ்கான்', 'பேரரசு', 'மங்கோலியர்' என்ற சொற்களை நீக்கும்படி சீன அதிகாரிகள் கேட்டதாகக் கூறித் தன் கண்காட்சியைத் தள்ளிவைத்தது. மங்கோலியாவின் துணையோடு 2023-இல் அதை நடத்தியது. பயிற்றுமொழிக்காகப் போராடிய வரலாறு உடைய நம் வாசகருக்கு இந்தப் பகுதியை விளக்கிச் சொல்லவே தேவையிருக்காது, எழுதினால் போதும். மாறாக, மங்கோலியாவில் 2025 ஜனவரி 1 முதல் அரசு ஆவணங்களில் சிரில்லிக்கோடு பழைய நெடுக்கு எழுத்தும் சேர்ந்து வழங்கவேண்டும் என்பது சட்டம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தாதா துங்கா தந்த எழுத்து அரசு மேசைக்குத் திரும்பியிருக்கிறது.

பாடநூலின் பக்கக் கட்டுப்பாட்டை நான் அறிவேன். தேர்வுக்கு வராத பகுதியை வகுப்பில் நடத்துவதில் உள்ள இடர்ப்பாட்டையும் அனுபவத்தில் அறிவேன். ஆகவே மேற்சொன்ன அனைத்தையும் சேர்க்கும்படி கேட்கவில்லை. அடுத்த பதிப்பில், 1368-க்குப் பிறகு இரண்டு பக்கங்கள் கொடுங்கள். அவற்றில் அல்தான் கானும், ஜுங்கார்களும், 1911-உம், 1937-உம், 1990-உம் இடம்பெறட்டும். குவான்சௌ கல்வெட்டின் படம் பேரரசுப் பகுதியில் இருக்கட்டும். வரைபடத்தில் இன்றைய மங்கோலியாவும், உள் மங்கோலியாவும், ரஷ்யாவுக்குள் இருக்கும் புரியாத்தியாவும், கால்மிக்கியாவும் ஒரே நிறத்தில் காட்டப்பட்டால், அந்த மக்கள் இன்று எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்பது ஒரு பார்வையில் தெரியும். ஆட்பெயர், இடப்பெயர்களை ஆங்கிலத்தின் வழியாகக் குழப்பிக்கொள்ளாமல் மங்கோலிய ஒலிப்பைக் கேட்டுத் தமிழில் ஒருமுறை வரையறுத்துவிட்டால், பின்வருவோர் அனைவருக்கும் அது பயன்படும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பணியில் ஊதியமின்றி உடன் உழைக்க நானும், என்னோடு கற்பிக்கும் இருவரும் அணியமாக இருக்கிறோம்.

அந்த மாணவி இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அவள் பள்ளியை விட்டுப் போவதற்குள் அவள் கையில் கொடுக்கத் தமிழில் அந்த இரண்டு பக்கங்களாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்